ஒரே வாசல், நாலு வழி

சென்ற நவம்பரில் நம் சங்கத்து நாடகத்தன்று அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நாடகம் நன்றாகவே இருந்தது. முடியும்போது மணி ஒன்பதரை. நன்றியுரை சொல்ல மேடைக்கு வந்த செயற்குழு நண்பர், "நம்மவர்களுக்குத் தமிழார்வம் வர வரக் குறைந்துகொண்டே போகிறது" என்று மனம் நொந்து பேசினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜனக்புரி மாமி கைப்பையை மூடிக்கொண்டே என் காதோடு சொன்னார்: "ஆர்வமெல்லாம் அப்படியேதான் இருக்கு. ராத்திரி வீட்டுக்குத் திரும்பிப் போறதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. என் பையன் வண்டியோட வாசல்ல நிக்கலேன்னா நானும் வந்திருக்க மாட்டேன்."

அந்த நேரத்தில் மெட்ரோ ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆர்.கே. புரத்தில் உள்ள அந்த அரங்கிலிருந்து ஆட்டோவில் சற்று தூரம் போனால் பிகாஜி காமா பிளேஸ் ஸ்டேஷன். அங்கே ஏறினால், நான் குடியிருக்கும் மயூர் விஹாருக்கு எங்கும் வண்டி மாறாமல் வந்து இறங்கலாம். 2018 டிசம்பர் 31-ல் இந்த வசதி வந்தது. அதற்கு முன்பு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பிடித்த தூரம். ரயில் இருக்கிறது, டிக்கெட்டும் எட்டக்கூடிய விலைதான். இருந்தும் ஜனங்கள் வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் காரில் வந்தார்கள்.

இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாமே என்று தோன்றியது. ஒருவர் ஊருக்குள் எதில் போகிறார், எந்த வழியாகப் போகிறார், எத்தனை மணிக்குள் திரும்புகிறார் என்பதையெல்லாம் தூரமும் நேரமும் காசும்தான் தீர்மானிக்கின்றன என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி 1984-ல் டெல்லிக்கு வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளைப் புரட்டி, பஸ்ஸிலும் ரயிலுமாகப் போய் வந்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரே வாசலிலிருந்துதான் புறப்பட்டோம். போன வழி மட்டும் நாலு விதமாக இருந்தது.

முதலில் என்னையும் என் கணவரையும் எடுத்துக்கொள்கிறேன். அப்போது ஆர்.கே. புரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். அவருக்கு ஐ.டி.ஓ. பக்கம் ஆபீஸ், எனக்கு சென்ட்ரல் செக்ரடேரியட் பக்கம். வீட்டில் ஒரு ஸ்கூட்டர். அது யாருக்கு என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. பேசாமலே அது அவருடையதாகிவிட்டது. என்னை வழியில் இறக்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம்தான். அவர் கிளம்பும் எட்டரை மணிக்கு என் கையில் இன்னும் கரண்டி இருக்கும்!

டெல்லியில் அந்த நாளில் வேலை பார்த்தவர்களுக்கு சார்ட்டர்ட் பஸ் ஞாபகம் இருக்கும். ஆபீஸ்காரர்கள் சேர்ந்து மாதப் பணம் கட்டி அமர்த்திக்கொள்ளும் தனியார் பஸ். உட்கார்ந்து போகலாம். அவரவருக்கு அவரவர் சீட். எங்கள் பஸ்ஸில் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். போகும்போது கீரை ஆய்ந்தவர்கள் உண்டு, ஸ்வெட்டர் பின்னியவர்கள் உண்டு, திரும்பும்போது சீட்டுப் பணம் வசூல் பண்ணியவர்களும் உண்டு. ஏறினால் நேரே ஆபீஸ் வாசல், அங்கே ஏறினால் நேரே வீட்டு முனை. இதைவிடச் சௌகரியமான பிரயாணம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

1989-ல் பெண் பிறந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டாம் மாதமே நான் அந்த பஸ்ஸை விட்டேன். குழந்தையை விட்டிருந்த காப்பகம் வழியில் வேறொரு செக்டரில் இருந்தது. சார்ட்டர்ட் பஸ் அங்கே நிற்காது. சாயங்காலம் நான் ஒரு பஸ்ஸில் வந்து காப்பகத்தருகே இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு பஸ் ஏறி, மார்க்கெட்டில் இறங்கிக் காய்கறியும் பாலும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வீட்டுக்கு நடப்பேன். சாதாரண பஸ்ஸில் ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் புது டிக்கெட் வாங்க வேண்டும். அவருக்கு ஆபீஸிலிருந்து வீடு என்பது ஒரு பயணம். எனக்கோ அது மூன்று. "உட்கார்ந்து வர பஸ்ஸை விட்டுட்டு எதுக்கு இப்படி நசுங்கி வரே?" என்று அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். நல்ல மனிதர். ஆனால் காப்பகம் எந்த ஸ்டாப்பில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்குப் போகிறவர்களிடம் வேலையிடம் எத்தனை தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். அந்தக் கேள்விக்கு நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொல்லியிருப்போம். காப்பகமும் காய்கறியும் பால் பூத்தும் அதில் எந்தக் கட்டத்திலும் வராது. ரயில் பாதையோ பஸ் தடமோ போடுகிறவர்கள் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நேர்க்கோடு இழுத்தால், அது என் கணவரின் கோடாகத்தான் இருக்கும்.

இனி என் மாமியார். 1993-ல் மாமனார் காலமான பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்து சேர்ந்தார். ஊரில் கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் தனியாகப் பஸ்ஸில் போய் வந்தவர். டெல்லியில் பதினாறு வருஷம் வாசல் தாண்டித் தனியே போகவில்லை. உடம்பு முடியாததால் அல்ல. பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயர் அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. கண்டக்டரிடம் கேட்க பாஷை தெரியாது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேச அதைவிடத் தெரியாது. கரோல் பாகில் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை குடியிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை, அதுவும் நாங்கள் யாராவது கூட்டிப் போனால்தான். நம்மில் எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட பாட்டிகள் இருந்திருப்பார்கள். 'பெரியவங்களுக்கு வெளியே போகப் பிடிக்காது' என்று நாமே முடிவு செய்துகொண்டிருப்போம்.

2009 நவம்பரில் மயூர் விஹாருக்கு மெட்ரோ வந்தது. நாங்கள் அதற்குள் ஃபேஸ் ஒன்றில் சொந்த ஃபிளாட்டுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. மாமியாருக்கு அப்போது எழுபத்தொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகக் கரோல் பாகுக்குப் போனோம். மாமியார் போகும்போது ஒன்றுமே பேசவில்லை, மடியில் வைத்திருந்த கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஏறிய ஸ்டேஷனை விட்டுவிட்டு எண்ணினால் கரோல் பாக் பத்தாவது ஸ்டேஷன். பத்து விரல், பத்து ஸ்டேஷன். அதைத்தான் எண்ணியிருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் சாவி கேட்டால், "உங்க அத்தை தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க, ஏழு மணிக்கு வந்துடுவாங்களாம்" என்று பதில். ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அப்பளக் கட்டோடு வந்து நின்றார். "யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வேண்டியில்லைடியம்மா, கதவு தானே திறக்கிறது" என்றார். பேரம் இல்லை, பாஷை இல்லை, இடிபடுவதில்லை. ரயில் பஸ்ஸைவிட வேகமா, டிக்கெட் எவ்வளவு என்பதையெல்லாம் அவர் கேட்கவே இல்லை. பிறகு ஆறு வருஷம், முட்டி இடம் கொடுத்தவரை, வியாழக்கிழமை தவறாமல் போனார்.

இதுவரை சொன்னது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது. அடுத்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை.

2007-ல் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நல்ல மார்க். டெல்லிப் பல்கலைக்கழகத்து வடக்கு வளாகத்தில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியில், முதல் கட்-ஆஃப் பட்டியலிலேயே பொருளாதாரத்துக்கு இடம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை வழியைப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். மயூர் விஹாருக்கு அப்போது மெட்ரோ கிடையாது. பஸ்ஸில் காஷ்மீரி கேட், அங்கிருந்து மெட்ரோவில் விஸ்வவித்யாலயா, பிறகு ரிக்‌ஷா. என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றரை மணி நேரம். "பரவாயில்லை, நான் இதைவிட அதிகம் போயிருக்கேன்" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பஸ் நிற்குமிடத்திலிருந்து ஸ்டேஷன் வரை எங்கெங்கே விளக்கு இருக்கிறது என்று பார்த்தேன். நடைமேம்பாலத்தின் படியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது கூட்டத்தில் யாருடைய கை எங்கே போகிறது என்று பார்த்தேன். எனக்கு அதெல்லாம் புதிதல்ல. இருபது வருஷம் டெல்லி பஸ்ஸில் போனவள், கைப்பையின் வெளிப்பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய ஊக்கு குத்தி வைத்திருப்பேன். எதற்கென்று இதைப் படிக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கணவருக்கு, கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாகியும், அந்த ஊக்கு எதற்கென்று தெரியாது. புடவைக்கு என்று நினைத்திருந்தார். போதாததற்கு அந்த வருஷம் ப்ளூலைன் பஸ்களில் அடிபட்டு இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். தினம் பேப்பரைப் பிரித்தால் அந்தச் செய்திதான்.

வீட்டுக்கு வந்ததும் "வேண்டாம்" என்றேன். யமுனைக்கு இந்தக் கரையிலேயே, வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில், ஒரு கல்லூரி இருந்தது. அங்கே பி.காம். கிடைத்தது. மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தாள். நன்றாகப் படித்தாள், இன்று பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். அவள் கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மூன்று வருஷம் கழித்து மகன். அக்காவைவிட மார்க் குறைவு. வடக்கு வளாகத்தில் வேறொரு கல்லூரியில் சரித்திரம் கிடைத்தது. மறுநாளே பணம் கட்டினோம். வழியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

வெகுநாள் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது மகள் இதை எடுத்தாள். "அப்போ மெட்ரோ வந்துடுத்தேம்மா, ராஜீவ் சௌக்ல மாறினாப் போதுமே" என்று நான் சமாதானம் சொன்னேன். அவள் கோபப்படாமல்தான் சொன்னாள்: "2007-ல அவன் என் இடத்துல இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பேம்மா. அவனுக்கு வழி பார்க்க யாரும் போகலையே." எனக்கு அதற்குப் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார ஆய்வாளர், டெல்லிப் பல்கலைக்கழகத்து மாணவ மாணவியர் சுமார் 4,000 பேரிடம் விவரம் சேகரித்து, யார் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார்கள், அவரவர் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழிகள் எவ்வளவு பாதுகாப்பானவை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். வழி கொஞ்சம் பாதுகாப்பாக இருக்குமென்றால், முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வரும் உயர்தரக் கல்லூரியை விட்டுவிட்டு, தரவரிசையில் கீழ்ப்பாதியில் உள்ள கல்லூரியில் சேரவும் மாணவிகள் தயாராக இருக்கிறார்கள். அதே பாதுகாப்புக்காக மாணவர்கள் விட்டுக்கொடுப்பது அதைவிடக் குறைவே. பாதுகாப்பான வழிக்காகப் பெண்கள் வருஷத்துக்கு மாணவர்களைவிட 18,800 ரூபாய் அதிகம் செலவழிக்கவும் தயார் என்றும் அவர் கணக்கிட்டிருக்கிறார். இதைப் படித்துவிட்டு மகளுக்கு போனில் அனுப்பினேன். "இதுக்கு ஆராய்ச்சி வேறயா? என்னைக் கேட்டிருந்தா ஓசியிலேயே சொல்லியிருப்பேனே" என்று பதில் வந்தது.

இதைச் சொல்வதால் நான் அன்று பயந்தது தவறு என்று ஆகிவிடாது. 2012 டிசம்பர் 16-ல் நடந்த கொடுமையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணும் நண்பரும் பஸ் ஏறியது முனிர்காவில். ஆர்.கே. புரத்தில் இருந்தபோது நாங்களெல்லாம் எத்தனையோ தடவை நின்ற இடம். அதற்குப் பின் நம் வீடுகளில் எத்தனை பெண்கள் சாயங்கால வகுப்பை விட்டார்கள், எத்தனை பேர் இரவு ஷிஃப்ட் வேலையை மறுத்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்கான விலையை முழுக்க முழுக்க என் மகள் தலையில் கட்டினேன், என் மகனிடம் ஒரு பைசா வாங்கவில்லை. இதுதான் என்னை உறுத்துவது. 2010 அக்டோபர் 2 முதல் மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டியில் நின்றுகொண்டு போகும்போதெல்லாம் காலேஜ் பெண்களைப் பார்ப்பேன். தூங்கிக்கொண்டு, படித்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு போவார்கள். எங்கள் காலத்து பஸ்ஸில் பெண் ஒருத்தி கண்ணை மூடித் தூங்கி நான் பார்த்ததில்லை, சார்ட்டர்ட் பஸ்ஸைத் தவிர.

காசு பெரிய விஷயமில்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். பென்ஷன்காரிக்கு அப்படித் தோன்றலாம். ஜங்புராவில் என் நாத்தனார் வீட்டில் பதினெட்டு வருஷமாக வேலை செய்த ஒரு பெண் இருக்கிறாள். விழுப்புரம் பக்கம் சொந்த ஊர். பாராபுல்லா ஓடைக்கரையில் இருந்த மதராஸி கேம்ப்பில் குடியிருந்தாள். 2025 ஜூன் 1-ல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, அங்கிருந்த சுமார் 370 குடிசைகள் அகற்றப்பட்டதை நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். தகுதி உண்டென்று கண்டவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். இவளுக்கும் கிடைத்தது. தூரம் சுமார் 40 கிலோமீட்டர்.

முன்பு அவள் ஐந்து வீடுகளில் வேலை செய்தாள். எல்லாமே நடந்து போகும் தூரம். பிரயாணத்துக்கு என்று அவள் கையிலிருந்து ஒரு காசு போனதில்லை. இப்போது காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறாள். பஸ்ஸில் பெண்களுக்கு 2019 அக்டோபர் 29-ல் வந்த இலவசப் பயணம் இல்லாவிட்டால் அவளால் வரவே முடியாது. பாதி வழி மெட்ரோவில் வந்தால் ஒரு மணி நேரம்போல மிச்சமாகும். ஆனால் போக வர நூறு ரூபாயைத் தொடும். மாதத்தில் இருபத்தாறு நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டில் வாங்கும் சம்பளம் ரயிலுக்கே போய்விடும். 2017-ல் மெட்ரோ கட்டணத்தை இரண்டு தவணையாக உயர்த்தி, அதிகபட்சக் கட்டணம் 30 ரூபாயாக இருந்ததை 60 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் அது 64 ஆயிற்று. எனக்கு அது தெரியக்கூட இல்லை, கார்டைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்கு அது எந்த வீட்டை விடுவது என்ற கேள்வி. மூன்று வீடுகளை விட்டுவிட்டாள். நாத்தனார் வீட்டையும் இன்னொன்றையும் மட்டும் வைத்திருக்கிறாள். "இந்த ரெண்டு வீட்டுலயும் பத்து மணிக்கு வந்தாலும் திட்ட மாட்டாங்கம்மா, அதான்" என்றாள். எந்த வேலையை வைத்துக்கொள்வது என்பதை சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை, எங்கே தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று பார்த்து முடிவு செய்திருக்கிறாள். புருஷனுக்கு பஸ் இலவசமில்லை, அவன் நரேலாப் பக்கமே கூலி வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

இனி ஆண்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் என்பார்கள். என் கணவர் பதவி உயர்வு கிடைத்து அதிகாரியான மறு வருஷமே மாருதி 800 வாங்கினார். அதற்குமுன் ஸ்கூட்டரில் அரைமணியில் போன இடத்துக்கு காரில் முக்கால் மணியாயிற்று. நிறுத்த இடம் தேடிக் கால் மணி வேறு. ஆனாலும் ஸ்கூட்டருக்குத் திரும்பவில்லை. "கீழே வேலை செய்யறவன் கார்ல வரான், நான் ஹெல்மெட்டோட போய் நிக்கறதா?" என்றார். ஆண்களுக்கும் தாங்கள் விரும்பியபடி போகச் சுதந்திரம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்கு பயம் வேறு மாதிரி, அவ்வளவே.

2016 ஜனவரி முதல் பதினைந்து நாள் டெல்லியில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்துக் கார் ஓட்டச் சொன்னார்களே, அப்போது எங்கள் குடியிருப்பில் ஓர் அதிசயம் நடந்தது. வருஷக்கணக்காக லிஃப்டில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டவர்கள் ஒரே காரில் நாலு பேராகப் போனார்கள். என் கணவரும் மூன்றாம் மாடி பஞ்சாபிக்காரரும் அப்போதுதான் சிநேகமானார்கள். பதினாறாம் நாள் காலை அவரவர் காரில் அவரவர். காற்றை விடுங்கள், பெட்ரோல் செலவாவது மிச்சமாயிற்றே என்று கேட்டேன். "நமக்காக இன்னொருத்தர் காத்துண்டு நிக்கறது ஒரு மாதிரி இருக்கு" என்றார். சார்ட்டர்ட் பஸ்ஸில் நாற்பது பேர் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்த அதே ஊர்தான் இது.

2020-ல் தொற்று காரணமாக மார்ச் 22 முதல் செப்டம்பர் 7 வரை மெட்ரோ ஓடவில்லை. அந்த இடைவெளியில் மகன் மோட்டார்பைக் வாங்கினான். பிறகு ரயில் வந்தும் அவன் ரயிலுக்கு வரவில்லை. பழக்கம் ஒரு தடவை விட்டுப்போனால் போனதுதான்.

நாடகத்தன்று இரவுக்குத் திரும்புகிறேன். ஜனக்புரி மாமி சொன்னதைச் செயற்குழுவில் எடுத்துச் சொன்னேன். "ஸ்டேஷன் பக்கத்துலதானே இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். அவர் காரில் வருபவர். ஸ்டேஷனிலிருந்து அரங்குக்கு வரும் தெருவில் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை நடந்து பார்க்கச் சொன்னேன். அவர் நடந்தாரோ என்னவோ தெரியாது, அவருடைய மனைவி நடந்து பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் பேசினார். அதற்குப் பிறகு விவாதம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சி மாலை மூன்றரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடியும். ஏழிலிருந்து எட்டு வரை அரங்கத்துக்கும் பிகாஜி காமா ஸ்டேஷனுக்கும் இடையே சங்கம் ஒரு வேன் விடுகிறது. கையில் குழந்தையோ வயதானவர்களோ இருப்பவர்களுக்கு முதலிடம். மயூர் விஹாரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு மணிக்கு ஃபேஸ் ஒன்று ஸ்டேஷனில், பிங்க் லைன் பிளாட்பாரத்தில், பெண்கள் பெட்டி வந்து நிற்கும் முனைக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன். இதுவரை பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆண்கள் மூவர், அவர்கள் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். என் கணவர் காரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.